பார்க்காமல் சொல்லாத அக்கா

அக்காவிடம் போய் மழை பெய்கிறது என்று சொல்லிவிட முடியாது. எழுந்து போவார். ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டுவார். நனைந்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "ஆமா, பெய்யுது" என்பார். தலையெல்லாம் சொட்டச் சொட்ட அவர் முன்னால் நின்றுகொண்டுதான் நான் அதைச் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஏற்றுமதிச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் சேர்ந்தபோதே அக்கா அங்கே மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா கப்பலில் போனவர், தம்பி ஜெரால்டும் கப்பலில் போகிறவன். அம்மா இறந்த பிறகு, அந்த அம்மா இருந்த வாடகை வீட்டிலேயே தனியாக இருந்தார். இப்போது அக்கா இந்த ஊரில் இல்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாசத்தில் எழுதுகிறேனா, எரிச்சலில் எழுதுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. எழுதி முடித்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

கண்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். சரக்கை ஏற்றிக் கதவைச் சாத்தி நம்பர் அடித்த ஒரு சீல் மாட்டிப் பூட்டிவிட்டால், அதன் பிறகு அந்த சீல் நம்பர்தான் பெட்டிக்கு அடையாளம். டிரைவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நாங்கள் படத்தைப் பார்த்து நம்பரை ஆவணத்தில் ஏற்றுவோம். ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது. அக்கா மட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பெட்டிகள் நிற்கும் யார்டுக்குப் போய், லாரிக்குப் பின்னால் வெயிலில் நின்று, சீலைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்.

"படந்தான் வந்துட்டுல்லாக்கா, பொறவு எதுக்கு அலையுதிய?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"படம் எடுத்தது யாரு?"

"டிரைவர்."

"அப்ப டிரைவர் பாத்துருக்கான். நான் எங்க பாத்தேன்?"

ஒரு முறை, இறால் ஏற்றிய பெட்டி ஒன்றில் சீல் மாட்டியிருந்தது, ஆனால் பூட்டியிருக்கவில்லை. இழுத்ததும் அக்காவின் கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு மேனேஜர் அலுவலகத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்து அக்காவைப் புகழ்ந்தார். இன்னொரு முறை அக்கா யார்டிலிருந்து திரும்பி வருவதற்குள் நேரம் கடந்து, ஒரு பெட்டி கப்பலைத் தவறவிட்டது. அதே மேனேஜர் அதே அறையில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். இரண்டு நாளும் அக்கா ஒரே மாதிரித்தான் தலையை ஆட்டினார். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, எது சரி என்று கண்டுபிடிக்க நான் பல நாள் முயன்றதுண்டு. விடை ஒருநாள் ஒரு பக்கம் சாயும், மறுநாள் மறுபக்கம் சாயும்.

கோயிலிலும் இதே கதைதான். எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கவும் என்று சாமியார் சொல்வார். அந்த நேரத்தில் நாங்கள் கூரையில் இருக்கும் புறாவைப் பார்ப்போம். அக்கா கண்ணை மூடி, மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் மூன்று தலைமுறைக்குப் பின்னே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். "ஊரையே நம்பி ஒப்படைக்காங்க. எல்லாரும் சும்மா இருந்தா எப்படி?" என்று கேட்பார். அவர் எந்தக் கல்யாணத்தையும் தடுத்ததில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர்கள் மூன்று வாரமும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு பிட்காயின் என்று ஒன்று இருப்பது தெரிந்தால் என்ன ஆகும்? தெரியவைத்தவன் ஜெரால்டு. கப்பலில் கூட வேலை பார்த்த யாரோ சொல்லிக் கொடுக்க, சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அவன் பிட்காயினாக மாற்றி வைத்திருந்தான். ஒரு விடுமுறையில் வந்தவன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டி, அக்காவின் வீட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். அதற்கு நோடு என்று பெயர்; உலகத்தில் நடக்கும் பிட்காயின் கணக்கு முழுவதையும் வாங்கித் தானே சரிபார்ப்பது அதன் வேலை. அதைக் காட்டத்தான் அக்கா முதல் முறை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கடல் காற்றில் உப்பு ஏறி அதன் ஃபேன் அடிக்கடி இருமும், அக்காவே திருப்புளியை எடுத்து மாற்றுவார்.

"நானும் பிட்காயின் வச்சிருக்கேன்க்கா" என்று பெருமையாகப் போனை எடுத்துக் காட்டினேன். ஒரு நண்பன் தொல்லை தாங்காமல் கொஞ்சம் வாங்கியிருந்தேன்.

அக்கா சிரித்தார். "பிட்காயினுலயும் யார் யாருக்கு அனுப்புனாங்கங்கற கணக்கு பெட்டி பெட்டியாத்தான் வருது. உன் போனு பெட்டியத் தொறக்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் வெளிய ஒட்டுன சீட்ட மட்டும் வாங்கி அடுக்கி வச்சிக்கிடும். 'என் சரக்கு உள்ள இருக்கா'ன்னு வேற எவன்ட்டயாவது கேக்கும். அவன் 'இருக்கு'ன்னு சொன்னா அத்தாட்சி காட்டணும். அதுல பொய் சொல்லுதது கஷ்டம், அத நான் ஒத்துக்கிடுதேன். ஆனா உள்ள இருக்கும்போதே அவன் வாய மூடிக்கிட்டு இருந்தா, உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மெஷினு என்ன பண்ணுது?"

"முத பெட்டியில இருந்து இன்னைக்கு வந்த பெட்டி வரைக்கும் ஒண்ணு விடாம தொறந்து, ஒவ்வொரு சரக்கையும் வெளிய எடுத்துப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவும். ஒரு கணக்கு தப்பா இருந்தாலும் அந்தப் பெட்டிய ஏத்துக்கிடாது. மத்தவன் எல்லாம் ஏத்துக்கிட்டாலும் இது ஏத்துக்கிடாது."

அப்படியே அக்காதான் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயர்புரத்தில் ஒரு வீட்டைப் பற்றித் தரகர் சொல்லியிருந்தார். வீட்டில் சொல்லாமல் நானே பஸ் ஏறிப் போய், ஒரு மளிகைக் கடையில் சோடா குடிப்பது போல நின்று, அந்தக் குடும்பம் எப்படி என்று மெல்ல விசாரித்தேன். நான் தூத்துக்குடிக்குத் திரும்பி வருவதற்கு முன்பே, என் அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது. அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "கேட்டதே சொன்ன மாதிரிதானலே! உன் போனும் தெனம் அந்தக் கடையில போயி சோடா குடிக்கி. 'இந்த முகவரிக்கு எதும் வந்துருக்கா'ன்னு கேக்கும்போதே, அது உனக்குள்ளதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருது. என் மெஷினு யார்ட்டயும் எதையும் தனியா கேக்காது. எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டு, வீட்டுக்குள்ள உக்காந்து தேடிக்கிடும்."

"அதுக்காக வருசம் பூரா கரண்ட் பில்லு கட்டணுமா? எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நடக்குமா?"

"நடக்காது" என்றார் உடனே. "எல்லாரும் என்னைய மாதிரி இருந்தா ஒரு கப்பலும் கெளம்பாது. ஆனா ஒருத்தர் கூட இல்லன்னா, கப்பல்ல என்ன போவுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லிவிட்டு, யோசனையாக ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பதிலாகவும் தெரிந்தது, மழுப்பலாகவும் தெரிந்தது.

அக்கா ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலேயே இப்படித்தான், டீச்சர் போட்ட கூட்டலை மறுபடி போட்டுப் பார்ப்பாள் என்றார் கூடப் படித்தவர். நிச்சயம் செய்த மாப்பிள்ளை ஏமாற்றிவிட்டான் என்றார் ஒரு மாமி. அப்படி ஒரு நிச்சயமே நடக்கவில்லை என்றார் அந்த மாமியின் சொந்தத் தங்கச்சி. ஜெரால்டு சொன்ன காரணம் வேறு. அதை அவன் எனக்குச் சொல்ல நேர்ந்தது ஒரு வருடம் பெய்த பெருமழையால்தான்.

வீட்டுக்கார அண்ணாச்சி ஏரல் பக்கத்துக்காரர், ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்த வருடம் அவர் வீட்டை விற்பதென்று முடிவு செய்தார். வேற்றாளுக்குக் கொடுப்பதைவிட அக்காவுக்கே கொடுப்பேன், ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அட்வான்ஸ் வேண்டும் என்றார். ஜெரால்டு தன்னிடம் இருந்த பிட்காயின் முழுவதையும் அக்காவுக்கு அனுப்புவதாகச் சொன்னான். அக்கா அதை விற்று ரூபாயாக்கி அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அம்மா இருந்த வீடு தங்களுக்கே வரப்போகிறது என்று அக்கா பெயிண்ட் கலரைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. கரண்ட் போய்ப் போய் வந்தது, பிறகு வரவே இல்லை. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் அக்கா மெஷினைப் போட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனதில் டிஸ்க்கில் இருந்தது கெட்டுப்போயிருந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் பெட்டியிலிருந்து, ஒவ்வொன்றாகத் திறந்து. மெஷின் பழையது, இன்டர்நெட்டும் மழையில் பாதி செத்திருந்தது.

அந்த வாரத்தில்தான் ஜெரால்டின் செய்தி வந்தது: "அனுப்பிட்டேன்க்கா."

அக்கா பதில் போட்டார்: "மெஷினு ஓடி முடிக்கட்டும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

நாட்கள் போயின. மெஷின் நத்தையாக நகர்ந்தது. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் நான் கேட்பேன். அக்கா எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்வார். அவன் அனுப்பியது ஆகக் கடைசியில் இருக்கிறது, மெஷின் இன்னும் அந்தக் காலத்துப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் மத்தியானம் ஜெரால்டு எனக்கே போன் செய்தான். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது.

"அண்ணே, நான் அனுப்புனதுக்கு நம்பர் உங்களுக்கு வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். உங்க போன்லயே பாருங்க" என்றான்.

பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பச்சையில் காட்டியது. சொன்னேன்.

பிறகு சொன்னான்: "அம்மா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது, பணம் போட்டுட்டேன்னு அக்காட்ட சொன்னேன். போடல. கையில இல்ல. நாளைக்குப் பொரட்டிப் போட்டுருவோம்னு நெனச்சிச் சொல்லிட்டேன். அக்கா கவுன்டர்ல நின்னுக்கிட்டே இருந்துருக்கு. அதுக்குப் பொறவு நான் எது சொன்னாலும் ம்னு மட்டும் சொல்லும். அதனாலதான் அந்த மெஷின வாங்கி வச்சேன். என்னைய நம்ப வேண்டாம்க்கா, நீயே பாத்துக்கோன்னு. ஆனா இந்த ஒரு தடவை, பாக்காம, 'வந்துட்டு'ன்னு அக்கா சொன்னாப் போதும்ணே. வீடெல்லாம் பொறவுதான்."

நான் நேராக அக்காவிடம் போனேன். என் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாருங்க. வந்துட்டு."

அக்கா போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "உன் போனு சொல்லுது."

"என் போனு பொய் சொல்லுதுங்கியளா?"

"இல்லலே. வந்துருக்குன்னு அது சொன்னா பெரும்பாலும் வந்துருக்கும்."

"அப்ப ஜெரால்டு பொய் சொல்லுதான்னு நெனைக்கியளா?"

அக்கா ரொம்ப நேரம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "அவன் அனுப்பியிருப்பான்னுதான் எனக்கும் தோணுது" என்றார்.

"அதச் சொல்லுங்க அவன்ட்ட!"

"தோணுதத எப்படிலே வந்துட்டுன்னு சொல்ல?"

அந்த நிமிடத்தில் எனக்கு அக்காவைப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஒரு மனிதன் கடலுக்கு நடுவில் ஒரு வார்த்தைக்காகக் கையேந்தி நிற்கிறான், இவர் பெரும்பாலும் என்பதற்கும் நிச்சயம் என்பதற்கும் நடுவே கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் சீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் இன்னொன்று தோன்றியது. என்னிடம் அவன் கேட்டிருந்தால் நான் அரை நொடியில் சொல்லியிருப்பேன். நான் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அரை நொடியில் ஆமாம் சொல்கிறவன். அந்த ஆமாம் அவனுக்கு எதற்கு உதவும்?

அண்ணாச்சி நல்ல மனிதர். அவரே வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். "உங்க தம்பி எனக்கே போன் பண்ணி, அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டாரு. நீங்க ஒரு வார்த்த, வந்துட்டுன்னு சொல்லுங்கம்மா. பணம் கைக்கு வர ஒரு மாசம் ஆனாலும் நான் பொறுத்துக்கிடுதேன். நீங்க சொன்னா அது எனக்குப் பத்திரம் மாதிரி" என்றார்.

"நான் சொன்னா பத்திரம்னு நீங்க நெனைக்கதே, பாக்காம நான் சொல்ல மாட்டேன்னுதான அண்ணாச்சி?" என்றார் அக்கா. "இன்னும் பாக்கல."

அண்ணாச்சி மாதா படத்துக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு வீட்டை ஒரு மீன் கம்பெனிக்காரருக்குப் பேசி முடித்துவிட்டார். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அக்கா காலி செய்ய வேண்டும்.

அதைக் கேட்டு அக்கா அழவில்லை. சுவரில் ஓர் இடத்தில், அம்மா எண்ணெய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்து உட்கார்ந்த கறை இருந்தது. அந்த இடத்தில் போய்த் தானும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

மெஷின் முடித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்கா போன் செய்து, "வா" என்று மட்டும் சொன்னார். போனேன். திரையில் இருந்தது. ஜெரால்டு என்றைக்கு அனுப்பியதாகச் சொன்னானோ அன்றைக்கே, சொன்ன தொகை அப்படியே. அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்துத் தடவினார். "அனுப்பிட்டுத்தான் சொல்லியிருக்கான்" என்றார். இரண்டு முறை சொன்னார்.

தம்பிக்கு எழுதினார்: "வந்துட்டு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "சரிக்கா." அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா, நிம்மதி இருந்ததா, இரண்டு பேரும் போனைக் கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

"வீடு போயிட்டு. இது அவன் காசு, அவன்ட்டயே இருக்கட்டும்" என்றார் அக்கா. திருப்பி அனுப்ப உட்கார்ந்தார். அவன் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். தொகையைப் போட்டார். மெஷின் பாஸ்வேர்டு கேட்டது. அடித்து, பட்டனைத் தட்டினார். தட்டிய கையோடு பக்கத்தில் இருந்த போனை எடுத்து, திரையை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார்: "திருப்பி அனுப்பிட்டேன். வந்துட்டான்னு பாரு."

அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவசரமா, வெட்கமா, அந்த 'சரிக்கா'வின் வலியா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

போனைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது: "வந்துட்டுக்கா."

அக்காவின் முகம் மலர்ந்தது. அப்படியே திரையைப் பார்த்தார். பாஸ்வேர்டு தவறு என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஒன்றும் போகவில்லை. காசு முழுவதும் இங்கேயே இருந்தது.

அக்கா சின்னப்பிள்ளை போல என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இவன் மறுபடியும் பொய் சொல்லுதானா? இல்ல, நான் சொன்னா போதும்னு பாக்காமயே விட்டுட்டானா?"

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் முந்திப் போக வேண்டும் என்று அனுப்பும் கட்டணத்தை இருப்பதிலேயே அதிகமாக ஏற்றிவிட்டு, பாஸ்வேர்டை மறுபடியும் அடிக்கத் தொடங்கினார்.

"பேசாத இருலே" என்றார். "அவன் போன எடுத்துக் கணக்கப் பாக்கதுக்குள்ள இது போயிச் சேந்துரணும்."